‘வில்’ போய் ‘ஷல்’ வந்தது, தேதி அப்படியே இருந்தது

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கும் 29 வயதுப் பெண் எழுதியிருக்கிறார். பெயர், ஊர்ப்பகுதி, பையர் (சரக்கு வாங்குபவர்) பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், அப்புறம் ஆடை வடிவமைப்பில் டிகிரி. நியூயார்க்கில் இருக்கும் ஒரு பையரிடம் தினமும் மெயிலில் பேசுவதுதான் இவர் வேலை. சமீபத்தில் வந்த புது மேலாளர் இவர் எழுதும் மெயில்களை பிரிண்ட் எடுத்து, சிவப்பு மையில் திருத்தி, அதன்படி மாற்றிய பிறகுதான் அனுப்ப விடுகிறாராம். வாக்கியத்தை ‘ஃபார்’, ‘வித்’ என்று முடிக்கக் கூடாது, ‘பட்’ என்று தொடங்கக் கூடாது, ‘வீ’ என்று வந்தால் ‘ஷல்’தான் வர வேண்டும், இப்படி.

மே மாதம் அப்படித் திருத்தி அனுப்பிய ஒரு மெயிலில் ஷிப்மென்ட் தேதி குழம்பிவிட்டது. பையர் ஒரு மாதம் முன்னாலேயே சரக்கை எதிர்பார்த்திருக்கிறார். கடைசியில் பாதிச் சரக்கை ஏரில், அதாவது விமானத்தில், அனுப்ப வேண்டி வந்து, செலவு முழுக்க கம்பெனி தலையில் விழுந்தது. மேலாளர் அப்ரைசலில் ‘இங்கிலீஷ் கம்யூனிகேஷன் வீக்’ என்று எழுதிவிட்டார். வரவேண்டிய இன்சென்டிவில் கை வைக்கப் போவதாகவும் பேச்சு. ‘புரிந்தால் போதாதா சார், கிராமர் எதற்கு? ஏஐ செயலியில் போட்டுப் பார்த்தேன், நான் எழுதியதும் சரி என்றே சொல்கிறது. அந்த ஸ்கிரீன்ஷாட்டை எம்.டி.க்கு அனுப்பலாமா, இல்லை பேசாமல் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸில் சேர்ந்துவிடலாமா?’ என்று கேட்கிறார்.

அம்மா, முதலில் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பாதீர்கள். இரண்டு நாள் பொறுங்கள். நீங்கள் அனுப்பிய மெயில்களை எல்லாம் படித்துவிட்டேன். உங்கள் மேலாளர் திருத்தியதில் பெரும்பாலானவை தேவையில்லாதவை. ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக அல்ல, அதோடு உங்கள் பக்கமும் சில ஓட்டைகள் இருக்கின்றன. இரண்டையும் சொல்கிறேன்.

அந்த மே மாத மெயில்

நீங்கள் எழுதியது (ஷேட் பேண்ட் என்றால் ஒப்புதலுக்கு அனுப்பும் நிற மாதிரித் துணி): ‘திஸ் இஸ் த ஷேட் பேண்ட் யூ ஆஸ்க்டு ஃபார். வீ வில் ஷிப் த செகண்ட் லாட் ஒன்லி ஆஃப்டர் யுவர் அப்ரூவல் ஆன் 06/07.’

அவர் திருத்தியது: ‘திஸ் இஸ் த ஷேட் பேண்ட் ஃபார் விச் யூ ஆஸ்க்டு. வீ ஷல் ஷிப் த செகண்ட் லாட் ஒன்லி ஆஃப்டர் யுவர் அப்ரூவல் ஆன் 06/07.’

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘ஃபார்’ இடம் மாறியிருக்கிறது, ‘வில்’ போய் ‘ஷல்’ வந்திருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் ஜூலை 6 என்று நினைத்துப் போட்ட 06/07 அப்படியே இருக்கிறது. அமெரிக்காவில் மாதத்தைத்தான் முதலில் எழுதுவார்கள், அவர்கள் கண்ணில் அது ஜூன் 7. அது மட்டுமா, ‘ஆன் 06/07’ எதோடு சேர்கிறது? அந்தத் தேதியில் சரக்கு கிளம்புமா, அந்தத் தேதியில் அவர் அப்ரூவல் தர வேண்டுமா? வாக்கியம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. சிவப்புப் பேனா இந்த இரண்டு இடத்தையும் தொடவே இல்லை, ஏனென்றால் அவருக்குத் தெரிந்த எந்த விதியும் அங்கே மீறப்படவில்லை.

செயலி சரி என்று சொன்னதும் இதனால்தான். நீங்கள் அதனிடம் கேட்டது இலக்கணம் சரியா என்று, அது அதற்குப் பதில் சொன்னது. படிப்பவர் நியூயார்க்கில் உட்கார்ந்திருக்கிறார், போன வாரம்தான் முதல் லாட் பற்றிச் சண்டை போட்டார், தேதியை மாதம் முன்னால் போட்டுப் படிப்பவர் என்பதெல்லாம் நீங்கள் சொல்லாமல் அதற்கு எப்படித் தெரியும்? அதை எம்.டி.யிடம் காட்டினால், ‘ரெண்டும் சரின்னா அப்புறம் ஏம்மா சரக்கு ஏர்ல போச்சு?’ என்று கேட்பார். நியாயமான கேள்வி.

அதே மெயிலை நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்: ‘வீ ஹேவ் கூரியர்டு த ஷேட் பேண்ட் யூ ஆஸ்க்டு ஃபார். ப்ளீஸ் அப்ரூவ் இட் பை 20 ஜூன். ஒன்ஸ் யூ அப்ரூவ் இட், வீ வில் ஷிப் த செகண்ட் லாட் ஆன் 6 ஜூலை.’ மூன்று சின்ன வாக்கியம். யார் என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், அப்புறம் நாம் என்ன செய்வோம். முதல் வாக்கியம் ‘ஃபார்’ என்றுதான் முடிகிறது, அதனால் எந்த பையருக்கும் ஒன்றும் ஆகிவிடாது.

இந்த விதிகள் எங்கிருந்து வந்தன

உங்கள் சாரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், அடி வாங்கிக்கூடக் கற்றிருப்பார். ஆனால் அந்த விதிகளின் கதை தெரிந்தால் உங்களுக்குப் பயம் குறையும்.

‘நானும் நாமும் ஷல், மற்றவர்கள் வில்’ என்ற கணக்கை முதலில் எழுதிவைத்தவர் ஜான் வாலிஸ், 1653இல். இவர் ஒரு கணித அறிஞர், முடிவிலிக்கு நாம் போடுகிற அந்தப் படுத்த எட்டுக் குறியை அறிமுகப்படுத்தியவரும் இவர்தான். அந்த இலக்கணப் புத்தகத்தை அவர் லத்தீனில் எழுதினார், ஆங்கிலம் தெரியாத வெளிநாட்டுக்காரர்களுக்காக! அப்புறம் பள்ளிப் புத்தகம் பள்ளிப் புத்தகமாக இறங்கி இறங்கி இங்கே வரை வந்துவிட்டது. அமெரிக்காவில் அன்றாடப் பேச்சிலும் எழுத்திலும் இந்த ‘ஷல்’ கிட்டத்தட்ட இல்லை. சட்டம் எழுதுகிறவர்களே அதில் குழப்பம் இருக்கிறது என்று ஒதுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றங்களின் சிவில் நடைமுறை விதிகளை 2007இல் எளிமையாக்கித் திருத்தி எழுதியபோது, ‘ஷல்’லை எடுத்துவிட்டு ‘மஸ்ட்’ மாதிரி சந்தேகமில்லாத சொற்களைப் போட்டார்கள்.

வாக்கியத்தை ‘ஃபார்’, ‘வித்’, ‘டு’ என்று முடிக்கக் கூடாது என்பதற்கு ஜான் டிரைடன் என்ற ஆங்கிலக் கவிஞரைச் சொல்வார்கள். 1672இல் அவர் தனக்கு முந்தைய நாடக ஆசிரியர் பென் ஜான்சனின் எழுத்தில் இதைக் குற்றமாகச் சொன்னார், பிறகு தன்னுடைய பழைய கட்டுரையையே எடுத்து இப்படி முடிந்த வாக்கியங்களை மாற்றினார். காரணம் லத்தீன் மோகம் என்பது பலருடைய கணிப்பு. லத்தீனில் அப்படி முடிக்க முடியாது, சரி, ஆங்கிலம் லத்தீன் இல்லையே. 1762இல் ராபர்ட் லௌத் என்பவர் ஓர் இலக்கண நூல் எழுதினார், பிற்பாடு லண்டனுக்கே பிஷப் ஆனவர். இதைத் தடை செய்தவர் என்று இவர் மேல்தான் பழி போடுவது வழக்கம். உண்மையில் அவர் தடை எதுவும் செய்யவில்லை. பேச்சிலும் சாதாரண எழுத்திலும் இது ஆங்கிலத்தின் இயல்பு, கம்பீரமான நடைக்கு மட்டும் முன்னால் போடுவது நன்றாக இருக்கும் என்றார். அதைச் சொல்லும் வாக்கியத்தையே ‘டு’ என்று முடித்தார். குறும்புக்குச் செய்தாரா, கவனிக்காமல் செய்தாரா என்று இன்றுவரை ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

‘பட்’, ‘அண்ட்’ என்று தொடங்கக் கூடாது என்பதற்கு இவ்வளவு கதைகூடக் கிடையாது. 1611இல் வந்த ஆங்கில பைபிளில் ஆதியாகமத்தின் இரண்டாவது வசனமே ‘அண்ட்’ என்றுதான் தொடங்குகிறது.

இன்னொன்றும் அனுப்பியிருந்தீர்கள். பையரின் க்யூசி ஆள், அதாவது தரம் பார்ப்பவர், திங்கட்கிழமை வந்தால் ‘தே கேன் செக் த கார்ட்டன்ஸ்’ என்று நீங்கள் எழுத, ஒருமைக்கு ‘தே’ வராது என்று அவர் ‘ஹீ’ என்று மாற்றினார். வந்தது ஒரு பெண்! ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவரை ‘தே’ என்பது பதினான்காம் நூற்றாண்டிலிருந்து ஆங்கிலத்தில் இருக்கிற வழக்கம். இதில் நீங்கள்தான் சரி, சந்தேகமே வேண்டாம்.

ஆனால் ‘புரிந்தால் போதும்’ என்பதில் ஒரு சிக்கல்

யாருக்குப் புரிந்தால்? எழுதிய உங்களுக்கு எப்போதும் புரியும். கட்டிங் டேபிளில் என்ன நடந்தது என்று உங்கள் கண் முன்னால் இருக்கிறது. அங்கே இருப்பவருக்கு உங்கள் வாக்கியத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. உங்கள் இன்னொரு மெயிலைப் பார்ப்போம்: ‘வீ சேஞ்ச்டு த லேபிள் வித் த சைஸ் ஸ்டிக்கர் விச் வாஸ் ராங்.’ எது ராங்? லேபிளா, ஸ்டிக்கரா? ஸ்டிக்கர் ஒட்டிய லேபிளை மாற்றினீர்களா, லேபிளோடு சேர்த்து ஸ்டிக்கரையும் மாற்றினீர்களா? சார் இதில் ‘விச்’சை ‘தட்’ ஆக்கியிருக்கிறார், பிரயோஜனம் இல்லை. ஆனால் இங்கே பிரச்சினை இலக்கணம்தான். எந்தச் சொல் எதைச் சுட்டுகிறது என்பதைவிட இலக்கணத்துக்கு வேறு என்ன வேலை? ‘த சைஸ் ஸ்டிக்கர் வாஸ் ராங். வீ ஹேவ் ரீப்ளேஸ்டு இட். த லேபிள் இஸ் த சேம்’ என்று உடைத்துவிட்டால் தீர்ந்தது.

இலக்கணத்தை லேசாக நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்கிற வழக்கு ஒன்று உண்டு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஓவர்டைம் சட்டம் சில வேலைகளுக்குப் பொருந்தாது. உணவுப்பொருளைப் பதப்படுத்துவது, உலர்த்துவது, சேமிப்பது என்று வரிசையாகக் கமா போட்டு அடுக்கிக்கொண்டு வந்து, கடைசியில் ‘பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிப்யூஷன்’ என்று முடித்திருந்தார்கள். ‘ஆர்’ முன்னால் கமா இல்லை, இருந்திருந்தால் விநியோகம் பட்டியலில் தனி வேலையாகச் சேர்ந்திருக்கும். ஓக்ஹர்ஸ்ட் டெய்ரி என்ற பால் நிறுவனத்தின் டிரைவர்கள் வழக்குப் போட்டார்கள்: விதிவிலக்கு பேக்கிங் செய்கிறவர்களுக்குத்தான், ஷிப்மென்டுக்கோ டிஸ்ட்ரிப்யூஷனுக்கோ பேக் செய்வது என்றுதான் அதற்கு அர்த்தம், நாங்கள் பேக் செய்வதில்லை, வண்டி ஓட்டி விநியோகம் மட்டும் செய்கிறோம், எங்களுக்கு ஓவர்டைம் உண்டு என்று. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வாசகம் இரண்டு பொருள் தருகிறது என்று சொல்லி டிரைவர்கள் பக்கம் நின்றது. அடுத்த வருடம் 50 லட்சம் டாலருக்கு சமரசம் ஆனது. மெய்ன் சட்டமன்றம் அந்தப் பட்டியலையே மாற்றி, கமாவுக்குப் பதில் அரைப்புள்ளி போட்டு எழுதியது. உங்கள் பி.ஓ.விலும் (பர்சேஸ் ஆர்டர்) பேக்கிங் இன்ஸ்ட்ரக்ஷனிலும் நேவி, பிளாக், ஒயிட் என்று அடுக்குவீர்களே, எண்ணிக்கை மொத்தத்துக்கா ஒவ்வொரு கலருக்குமா என்று எழுதியிருக்கிறீர்களா? அடுத்த மெயில் போவதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் ‘த ஃபேப்ரிக்ஸ் இஸ் ரெடி’, ‘ஹீ டோன்ட் நோ’ மாதிரி சில இடங்கள். இதனால் யாரும் சரக்கைத் தப்பாக அனுப்பப் போவதில்லை, அர்த்தம் புரியும். ஆனாலும் திருத்திக்கொள்ளுங்கள். பணம் பேசுகிற மெயிலில் இப்படி நாலு இடம் இருந்தால், எதிரில் இருப்பவர் நீங்கள் போட்ட அளவையும் எண்ணிக்கையையும்கூட ஒருமுறை சந்தேகமாகப் பார்ப்பார். அது நியாயமா என்று கேட்டால் நியாயமில்லை, ஆனால் நடக்கிறது. செயலியை இதற்குப் பயன்படுத்துங்கள், இந்த மாதிரிப் பிழையை அது நன்றாகவே பிடிக்கும்.

சாரிடம் எப்படிப் பேசுவது

உங்கள் முன்னால் இருப்பது மூன்று வழி. வாலிஸ், டிரைடன் கதையை எல்லாம் சொல்லி அவரிடம் வாதாடலாம், ஜெயித்தும் விடுவீர்கள், ஆனால் அடுத்த அப்ரைசலையும் அவர்தான் எழுதப் போகிறார். வாயை மூடிக்கொண்டு அவர் சொல்கிறபடி எல்லாம் மாற்றலாம். அதில் பாதி பரவாயில்லை, ‘ஷல்’ போட்டால் கொஞ்சம் விறைப்பாகத் தெரியும், நஷ்டம் ஒன்றும் இல்லை. அது அவருடைய பிடிவாதம், விட்டுக்கொடுங்கள். விட்டுக்கொடுக்கக் கூடாதது அர்த்தம் மாறுகிற இடத்தில் மட்டும். அந்த ‘ஹீ’ மாதிரி.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. இலக்கணம் என்ற பேச்சையே எடுக்காமல், ஷிப்மென்ட் மெயில்களுக்கு ஒரு பக்கத்தில் வழிமுறை எழுதி அவரிடம் கொண்டுபோங்கள். ‘சார், மே மாதம் நடந்தது திரும்ப நடக்கக் கூடாது, இதைப் பார்த்து நீங்களே திருத்திக் கொடுங்கள்’ என்று. அதில் என்ன இருக்கும்? மாதத்தை எழுத்தில் எழுதுவது. ‘நெக்ஸ்ட் ஃப்ரைடே’ என்று எழுதாமல் தேதி போடுவது. ‘பைவீக்லி’ என்ற சொல்லைத் தொடாமல் இருப்பது, வாரம் இரண்டு முறை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று அகராதியே இரண்டு அர்த்தமும் தருகிறது. ஒரு மெயிலில் பையர் செய்ய வேண்டியது ஒன்றுக்கு மேல் இருந்தால் நம்பர் போடுவது. கலர், சைஸ், கார்ட்டன் கணக்கைப் பத்தியில் எழுதாமல் கட்டம் போட்டுக் காட்டுவது. அவர் பேனாவுக்கும் வேலை இருக்கும், சரியான இடத்தில்.

இன்னொரு விஷயம், இதை நாசூக்காகத்தான் சொல்ல வேண்டும். நீங்கள் அனுப்பியதில் அவரே எழுதிய மெயில் ஒன்று இருந்தது: ‘கைண்ட்லி டு த நீட்ஃபுல் அண்ட் ரிவர்ட் அட் த இயர்லியஸ்ட்.’ ஒரு பிழைகூடக் கிடையாது. ஆனால் நீட்ஃபுல் என்றால் எது? எப்போதைக்குள்? ‘ரிவர்ட்’ என்றால் நம் ஆபீஸ்களில் பதில் எழுது என்று அர்த்தம், அமெரிக்கருக்கு அது பழைய நிலைக்குத் திரும்புவது. ஷேட் மாற்றம் பற்றிய மெயிலில் போய் இதை எழுதினால், பழைய ஷேடுக்கே போகச் சொல்கிறார்கள் என்றுகூட நினைக்கலாம். வழிமுறைத் தாளில் ‘ரிவர்டுக்குப் பதில் ரிப்ளை’ என்று மட்டும் ஒரு வரி போடுங்கள். யார் எழுதினார்கள் என்று சொல்ல வேண்டாம், அவருக்கே தெரியும்.

அப்ரைசல், இன்சென்டிவ்

அப்ரைசலில் எழுதியதைச் சும்மா விடாதீர்கள், கோபமாகவும் எழுதாதீர்கள். ஹெச்.ஆருக்குச் சுருக்கமாக ஒரு குறிப்பு: மெயில் இன்ன தேதியில் மேலாளர் பார்வைக்குப் போய்த் திருத்தத்தோடு வந்தது, குழப்பத்துக்குக் காரணம் தேதி எழுதிய முறை, அதை இருவருமே கவனிக்கவில்லை, இனி இப்படி எழுதப்போகிறோம். இவ்வளவு போதும். ‘இருவருமே’ என்பது முக்கியம். தேதியைப் போட்டது நீங்கள், அதை மறைத்து அவர் மேல் மட்டும் போட்டால் உங்கள் குறிப்புக்கு மதிப்பிருக்காது. அந்தச் சிவப்பு மை பிரிண்டைப் பத்திரமாக வைத்திருங்கள். ஆனால் ஆபீஸ் மெயில்களை உங்கள் சொந்த ஐடிக்கு ஃபார்வேர்டு செய்ய வேண்டாம். பையர் விலை, ஆர்டர் விவரம் எல்லாம் அதில் இருக்கும், அதையே உங்கள் மேல் குற்றமாகத் திருப்பிவிடலாம்.

இன்சென்டிவைப் பிடிப்பது பற்றி வாய்ப்பேச்சாகத்தான் இருக்கிறது என்கிறீர்கள். எழுத்தில் கேளுங்கள். ‘நஷ்டத்துக்கு நானே பொறுப்பு’ என்கிற மாதிரி எந்தத் தாளை நீட்டினாலும், தொழிலாளர் சட்டம் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். நான் மொழி விஷயம் சொல்லிக்கொடுப்பவன், இதில் எனக்கு மேல் அவர் சொல்வதுதான் கணக்கு.

ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் இப்போது வேண்டாம். அங்கே சொல்லித்தருவது பேச்சு, உங்களுக்கு இடறுவது எழுத்து, அதுவும் ஒரு குறிப்பிட்ட வகை எழுத்து. தமிழ் மீடியம் என்பதை மூன்று இடத்தில் மன்னிப்புக் கேட்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சாரின் கான்வென்ட் மீடியமும் அந்த 06/07ஐக் கவனிக்காமல் தாண்டித்தான் போனது. தினமும் உங்கள் பையர் எழுதுகிற மெயில்களைப் படியுங்கள், அவர் ஒரு விஷயத்தை எத்தனை சின்ன வாக்கியத்தில் கேட்கிறார் என்று பாருங்கள், அந்த நடையில் பதில் எழுதிப் பழகுங்கள். அனுப்புவதற்கு முன் அந்த ஆர்டரைப் பற்றி ஒன்றும் தெரியாத பக்கத்து சீட் ஆளிடம் கொடுத்து, ‘இதைப் படிச்சா நீ என்ன செய்வே?’ என்று கேளுங்கள். அவர் வேறு எதையாவது சொன்னால் மெயிலை மாற்றுங்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று பாக்கி. ஓடிக்கொண்டிருக்கிற ஆர்டர்களில், நீங்கள் ஏற்கெனவே அனுப்பிய மெயில்களில் கோடு போட்ட தேதி எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடுங்கள். 25/07 மாதிரி இருந்தால் பயமில்லை, 25ஆம் மாதம் கிடையாது. இரண்டு எண்ணும் பன்னிரண்டுக்குள் இருந்தால் மட்டும், பையர் கேட்பதற்கு முன்னால் நீங்களே மாதப் பெயரோடு ஒரு வரி எழுதி உறுதிப்படுத்திவிடுங்கள், சாரை சிசியில் போட்டு.